போனஸ் எடுத்தவன் யாரை உள்ளே கொண்டுவந்தான்? பள்ளிக் கபடி அணிக்கு ஒரு வழிகாட்டி

நம் அணியில் இரண்டு பேர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரணியில் ஏழு பேரும் நிற்கிறார்கள். நம் முதல் ரைடர், அதாவது எதிர்க்களத்துக்குள் பாடிப் போகிறவன், போகிறான். எதிர்க்களத்தின் பின்பகுதியில் உள்ள போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை வைத்து, பின்னங்காலைத் தூக்கிக் காட்டி, ஒரு பாயின்ட்டோடு சிரித்துக்கொண்டே திரும்புகிறான். ஒரே கைதட்டல். ஸ்கோர் ஒன்று ஏறிவிட்டது. வெளியே இருந்த இரண்டு பேர் மட்டும் இன்னும் வெளியேதான் இருக்கிறார்கள், ஏனென்றால் போனஸ் பாயின்ட்டுக்கு யாரும் உள்ளே வர முடியாது. டச் எடுத்தாலோ (எதிரணி ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலோ), எதிரணி ரைடரைப் பிடித்தாலோதான் ஆள் திரும்பும். அடுத்த ரைடை ஐந்து பேரே நின்று சமாளிக்க வேண்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் "டீமுக்காக ஆடு", "தலைக்கனம் வேண்டாம்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். விசில் ஊதியதும் மறந்துவிடுவார்கள். எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் ஆடுவார்கள். ஊர் டோர்னமென்ட்டில் மைக்கில் வாசிப்பது ரைடு பாயின்ட்டை. அதனால் ரைடு பாயின்ட்டுக்கு ஆடுகிறார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணும் முறையைத்தான் மாற்ற வேண்டும். கீழே உள்ளவை பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஊர்க் கபடிக் குழுவை நடத்துபவர்களுக்கும்: 12 முதல் 16 பேர், மாலையில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்ற கணக்கில்.

முதலில் ஒரு நோட்டு

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு பக்கம். ரைடு பாயின்ட், டேக்கிள் (பிடி) பாயின்ட் என்ற வழக்கமான கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் போடுங்கள்: மீட்டது, இரண்டாம் கை, குரல்.

'மீட்டது' எளிது. ஒருவன் எடுத்த பாயின்ட்டால் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். மேலே சொன்ன போனஸுக்கு இந்தக் கட்டத்தில் பூஜ்யம். அவுட்டானவர்கள் அவுட்டான வரிசையிலேயே உள்ளே வருவார்கள் என்பதால், யார் வந்தார்கள் என்று பெயரையும் குறித்துவிடலாம்.

'இரண்டாம் கை'யைப் புரிந்துகொள்ள ஒரு பிடியை அருகில் நின்று பார்க்க வேண்டும். ரைடர் லெஃப்ட் கார்னர் (இடது ஓரத்தில் நிற்பவன்) பக்கம் காலை நீட்டுகிறான். கால் தரையில் ஊன்றிய நொடியில் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறான். பிடித்தவன் தரையில் கிடக்கிறான். ரைடருக்கோ இன்னொரு காலும், இரண்டு கையும், உடம்பின் முழு எடையும் மிச்சம் இருக்கின்றன. இழுத்துக்கொண்டே நடுக்கோட்டின் பக்கம் விழுகிறான். விரல் நுனி கோட்டைத் தொட்டாலே போதும், அவனுக்குப் பாயின்ட். இதைத் தடுக்க 'லெஃப்ட் இன்' (கார்னருக்குப் பக்கத்தில் நிற்பவன்) ரைடரின் இடுப்பிலோ தொடையிலோ கை போட வேண்டும், 'கவர்' (இன்னுக்கும் சென்டருக்கும் இடையே நிற்பவன்) ரைடருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே உடம்பைக் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள். பிடி நின்றால் பெயர் கார்னருக்குப் போகும். கவர் போட்ட உடம்பை யாரும் எழுதுவதில்லை. அதைத்தான் இந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. தாமதமாக வந்து கை போடுபவனுக்கு இந்தக் கட்டத்தில் இடம் கிடையாது. ரைடர் கோட்டைத் தொடும் தருவாயில் போய் மேலே விழுந்தால், தொட்ட எல்லோரும் அவுட். ஒரு பாயின்ட்டில் முடிந்திருக்க வேண்டியது மூன்றாகும். உதவப் போவதைப் போலவே, வேளை தவறினால் நின்றுவிடுவதும் கூட்டு ஆட்டம்தான். இது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடாது.

'குரல்' என்பது பிடிக்கு முன்னால் யார் சரியான தகவல் சொன்னார்கள் என்பது. இந்தக் கட்டம் முதல் வாரத்திலேயே கெட்டுப்போகும். எண்ணிக்கைக்காக எல்லோரும் கத்த ஆரம்பிப்பார்கள். அதனால் இடத்தின் பெயரோ செயலோ இருந்தால் மட்டும் கணக்கு: "லெஃப்ட் வருது", "விடு", "கவர் ஏறு". வெறும் "டேய் பிடிடா" கணக்கில் வராது.

நோட்டை எழுதுவது நீங்களில்லை. அன்று வெளியே இருக்கும் மாற்று வீரர்கள் முறை வைத்து எழுதட்டும். இரண்டாம் கையைக் கண்ணால் தேடித் தேடி எழுதியவனுக்கு, அடுத்த நாள் களத்தில் அந்தக் கை தானாக வரும்.

பயிற்சி முடிந்ததும் அன்றைய பக்கத்தை மட்டும் வாசியுங்கள். மாத மொத்தம் கூட்டிச் சுவரில் ஒட்டாதீர்கள். 'இரண்டாம் கை'யில் முதலிடம் பிடித்தவன் அதை வைத்தே காலரைத் தூக்கிவிட ஆரம்பிப்பான்.

நான்கு பயிற்சிகள்

செயின் ஜோடி. கார்னரும் பக்கத்தில் நிற்கும் 'இன்' வீரனும் கைகோத்து நிற்க, ரைடர் 30 நொடி அவர்களைச் சோதிக்க வேண்டும். அவர்கள் பிடிக்க வேண்டியதில்லை. கை பிரியாமல் முன்னும் பின்னும் நகர்ந்தால் போதும். பிரிந்தால் இருவரும் சேர்ந்து வெளியே போக வேண்டும், யார் விட்டது என்ற விசாரணை கூடாது. ஒரு ஜோடிக்கு ஆறு ரைடு, பிறகு ஜோடி மாற்றம். விரல்களுக்குள் விரல் கோத்துப் பிடிக்க விடாதீர்கள். ரைடர் நடுவே பாய்ந்தால் விரல் முறியும். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, நான்கு விரலையும் கொக்கி போல மடக்கினால் வேண்டும்போது உடனே விடலாம். இரண்டு வாரத்துக்குள் அணியில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒருமுறையாவது ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். பெயர்களைக் குறுக்கும் நெடுக்கும் எழுதிக் கட்டம் போட்டு டிக் அடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டம் கடைசிவரை காலியாக இருக்கிறதோ, அங்கேதான் அணியில் விரிசல் இருக்கிறது.

மூவர் களம். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். அதனால் மூன்று பேரை மட்டும் நிறுத்திப் பத்து ரைடு விடுங்கள். ரைடு தொடங்குமுன் ஐந்து நொடி கூடிப் பேச வேண்டும்: யார் முதல் பிடி, யார் கோட்டை அடைப்பது, எப்போது விடுவது. பேசாமல் நின்றால் பிடித்தாலும் பாயின்ட் இல்லை. முதல் நாள் பத்தில் ஒன்றோ இரண்டோ பிடிப்பார்கள். தனியாளாகப் பாய்ந்தால் இங்கே உடனே தோற்றுப்போவதால், நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மீட்பு ரைடு. ஐந்து பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே, எதிரே ஏழு பேர். ரைடருக்குப் போனஸ் உண்டு, ஆனால் பயிற்சியில் அதன் மதிப்பு பூஜ்யம். டச்சுக்கு மட்டுமே பாயின்ட். முதல் இரண்டு வாரம் இப்படி. பிறகு போனஸுக்கு அதன் மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ரைடுக்கும் முன்னால் ரைடரிடம் கேளுங்கள்: "இப்ப எது வேணும், ஏன்?" போனஸ் எடுப்பது எப்போதும் சுயநலமாகாது. கடைசி ரைடில் ஸ்கோர் சமமாக இருந்தால் போனஸ்தான் புத்திசாலித்தனம். எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போதுதான் போனஸ் கிடைக்கும் என்பதால், அந்த வாய்ப்பு போவதற்குள் எடுத்துவிடுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். "கிடைச்சுது, எடுத்தேன்" என்பது காரணமாகாது.

இடமாற்றம். வாரத்தில் ஒரு நாள், கடைசி இருபது நிமிடம், முதன்மை ரைடர்கள் கார்னரில் நிற்க வேண்டும், கார்னர்கள் ரைடு போக வேண்டும். கணுக்காலைப் பிடித்துக் கிடக்கும்போது கவர் வரவில்லையென்றால் எப்படியிருக்கும் என்று ரைடர் படுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு பேர் சூழ்ந்து நிற்கும்போது மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டே கால் எடுத்து வைப்பது எவ்வளவு பயம் என்று கார்னருக்கும் தெரிய வேண்டும். எடை வித்தியாசம் அதிகமுள்ளவர்களை எதிரெதிரே விடாதீர்கள். பழக்கமில்லாத இடத்தில் நிற்பவனுக்குத்தான் முழங்காலில் அடி விழும்.

மூன்றாவது ரைடு யாருக்கு?

தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ரைடர் அவுட் என்ற விதியோடு நடக்கும் டோர்னமென்ட்களில் இதைக் கவனியுங்கள். நல்ல ரைடர் முதல் இரண்டு ரைடில் பத்திரமாகப் போய்வந்துவிட்டு, மூன்றாவதை ஏழாம் வகுப்புப் பையன் தலையில் கட்டுவான். அவன் அவுட்டாவான், பழியும் அவனுக்கே. பயிற்சி ஆட்டங்களில் ஒரு விதி வையுங்கள்: முதல் இரண்டு வெற்று ரைடில் யார் போனார்களோ, மூன்றாவதுக்கும் அவர்களில் ஒருவனே போக வேண்டும். போட்டியில் இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, சில நேரம் புதுக்கால் போவதே நல்லது. ஆனாலும் யார் முடிவு எடுத்தார்கள் என்பது நோட்டில் இருக்கட்டும்.

களத்தில் பேச்சு

பத்தாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்புப் பையன் களத்தில் எப்படிக் கூப்பிடுவான்? "கார்த்தி அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்கண்ணே" என்று முடிப்பதற்குள் ரைடர் கோட்டைத் தாண்டியிருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிடவும் பிள்ளைக்குக் கூச்சம். அதனால் பெரும்பாலும் வாயைத் திறக்கவே மாட்டான். கோட்டுக்குள் இடப்பெயர் மட்டும் என்று வைத்துவிடுங்கள்: லெஃப்ட், கவர், சென்டர், ரைட். கோட்டுக்கு வெளியே வந்ததும் அண்ணே அண்ணேதான், தம்பி தம்பிதான். மரியாதையும் போகாது, சின்னவனின் குரலும் அமுங்காது.

பிடி தவறியதும் வரும் முதல் பத்து நொடி ஆபத்தானது. "நீ ஏன்டா வரல?" என்பது அந்த நேரத்தில்தான் கிளம்பும். அந்தப் பத்து நொடிக்குப் பேச்சே கூடாது. அவுட்டாகி வெளியே போகிறவனின் கையை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த ரைடுக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான். தவறைப் பேச இடைவேளை இருக்கிறது, சிறுவர் பிரிவான சப் ஜூனியரில் 15 நிமிடப் பாதி முடிந்ததும் 5 நிமிடம். அங்கேயும் முதல் வாக்கியம் தன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும்: "நான் லேட்டா ஏறிட்டேன்", "நான் ரெண்டாவது செயினை விட்டுட்டேன்". அடுத்தவனைப் பற்றிச் சொல்ல ஒன்றிருந்தால் அதற்குப் பிறகு. முதலில் நாடகம் போலத்தான் இருக்கும், சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வாயையும் கொஞ்சம் கவனியுங்கள். "நீதான்டா டீமே" என்று நீங்கள் ஒருநாள் சொன்னதை அவன் ஒரு வருஷம் வைத்திருப்பான். மற்ற பதினோரு பேர் அதைவிட அதிக நாள் வைத்திருப்பார்கள். பாராட்டும்போது செயலைச் சொல்லுங்கள்: "மூணாவது ரைடுல கவர் ரெண்டு அடி முன்னாடி ஏறினதாலதான் அவன் கைக்குக் கோடு எட்டல." பாயின்ட் எடுத்து வந்தவனிடம் "சூப்பர்" என்பதற்குப் பதிலாக "இது யார் கொடுத்த பாயின்ட்?" என்று கேளுங்கள். முதலில் விழிப்பான். பிறகு, முந்தைய ரைடர் லெஃப்ட் கார்னரைக் களைப்பாக்கிவிட்டுப் போனதை அவனே சொல்வான்.

வீடியோ காட்டுவதென்றால் ரைடரைப் பார்க்க விடாதீர்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டியும் புரோ கபடி லீக்கில் ரைட் கார்னரில் நின்றவர், 2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரட்ஸ் அணி கோப்பை வென்றபோது கேப்டன். சக வீரர்களுக்கு அவர் 'அண்ணா'. அவர் ஆடும் ஒரு பாதியை ஓடவிட்டு, ரைடர் வேறு பக்கம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், யார் கையைப் பிடித்திருக்கிறார் என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கயிறு, டம்ளர், தண்ணீர்க் குடம்

ஊர் அணிகளில் பேசாமல் விடும் விஷயம் இது. தெருப் பிரிவு கபடிக் களத்துக்குள்ளும் வரும். செயின் ஜோடிக் கட்டத்தில் காலியாகக் கிடக்கும் இடங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். கையில் கட்டும் கலர் கயிறு இன்னொரு அடையாளம். நல்ல வேளையாக, இதற்குக் கபடி விதியே துணைக்கு வருகிறது: ஆடுபவர் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் அணிகலன் இருக்கக் கூடாது. கயிறு, காப்பு, மோதிரம், செயின் எதுவும் களத்துக்குள் வராது என்று ஒரே வரியாக வையுங்கள். விரல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பெற்றோருக்கும் சொல்லலாம். தினமும் பயிற்சிக்கு முன் கை நீட்டச் சொல்லி நகமும் மணிக்கட்டும் பாருங்கள். விதிவிலக்கு ஒருவருக்குக்கூட வேண்டாம், கேப்டனுக்கும் உங்கள் சொந்தக்காரப் பையனுக்கும் சேர்த்து.

தண்ணீர் ஒரே குடம், ஒரே வகை டம்ளர். யாராவது வீட்டிலிருந்து தனி பாட்டில் கொண்டுவந்தால் எல்லோருக்கும் பாட்டில் என்று ஆக்குங்கள், அல்லது யாருக்கும் வேண்டாம். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் படுக்கும் இடத்தையும் சாப்பாட்டு வரிசையையும் சட்டை எண் வரிசையில் போட்டுவிடுவது நல்லது. பட்டப்பெயர்களில் தெருவோ, அப்பா தொழிலோ, நிறமோ வந்தால் அன்றே நிறுத்துங்கள்.

மண் வேலை

மண் களமென்றால் தினமும் கல் பொறுக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், கோடு போட வேண்டும். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், முகம் குப்புற விழும் ஆட்டத்தில் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கோலமாவு போதும். மேட் என்றால், 13-க்கு 10 மீட்டர் களத்துக்கு ஒரு மீட்டர் சதுரத் துண்டு 130 வேண்டும். நான்கு பேர் சுமந்தால் அரை மணி ஆகும், பன்னிரண்டு பேர் சுமந்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

முறை சட்டை எண் வரிசையில் வரட்டும், முதல் நாள் கேப்டனில் தொடங்கி. பெரும்பாலானோர் செய்யும் பிழை, தோற்றவர்களுக்கும் தாமதமாக வந்தவர்களுக்கும் இந்த வேலையைத் தண்டனையாகக் கொடுப்பது. அப்படிச் செய்த அன்றே மேட் தூக்குவது அவமானம் என்று ஆகிவிடும். அப்புறம் எந்த நல்ல ரைடரும் அதைத் தொட மாட்டான். தண்டனைக்கு வேறு வழி பாருங்கள்.

வெளியே உட்காரும் ஐந்து பேர்

பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஆடுவார்கள். மிச்ச ஐந்து பேருக்கு வேலை இல்லையென்றால் போனைத்தான் பார்ப்பார்கள். ஒருவன் 30 நொடியை எண்ணட்டும், ஒருவன் வெற்று ரைடுக் கணக்கு, ஒருவன் எதிரணி ரைடர் எந்தக் காலை முதலில் நீட்டுகிறான் என்று பார்க்கட்டும், ஒருவன் நோட்டு. ஐந்தாமவன் அடுத்து இறங்கத் தயாராக உடம்பைச் சூடாக்கட்டும். இடைவேளையில் முதலில் பேச வேண்டியவர்கள் இவர்கள். யார் ஆடவில்லை என்பதைக் களத்தில் அறிவிக்காமல், முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். நட்பு ஆட்டமென்றால் பன்னிரண்டு பேரும் குறைந்தது ஐந்து நிமிடமாவது இறங்க வேண்டும்.

போட்டி நாள்

நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசட்டும். மற்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு போனால் பச்சை அட்டை (எச்சரிக்கை), அடுத்து மஞ்சள், மஞ்சள் என்றால் இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறையும். பயிற்சியில் நடுவரே இல்லாமல் வாரம் ஒரு பாதி ஆட விடுங்கள்: டச் பட்டவன் தானே கையைத் தூக்கி வெளியே போக வேண்டும். முதலில் ஏமாற்றுவார்கள். பட்டதா இல்லையா என்று தகராறு வந்தால் ரைடைத் திரும்ப ஆட வைத்துவிட்டு நகருங்கள்; நீங்கள் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் பயிற்சி செத்துவிடும்.

தொடை தட்டுவதைத் தடை செய்யாதீர்கள். அது கபடியோடு பிறந்தது, அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் உப்பிருக்காது. யாரைப் பார்த்துத் தட்டுகிறான் என்பதுதான் விஷயம். தன் அணியைப் பார்த்துத் தட்டலாம். தரையில் கிடக்கும் எதிரணிக்காரன் முகத்துக்கு நேரே தட்டினால், அடுத்த பயிற்சி ஆட்டத்தில் அவன் முதல் பாதி வெளியே. விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்ட பிறகே கொண்டாட்டம் என்று பழக்கினால், பெரும்பாலும் கொண்டாட்டமே சின்னதாகிவிடும்.

பரிசுப் பேச்சைப் போட்டிக்கு முன்பே முடித்துவிடுங்கள். சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் என்று கொடுக்கும் பணம் யாருக்கு? கோப்பை அவன் வீட்டுக்கு, பணம் அணிக்கு என்பது நியாயமாகத் தோன்றுகிறது. முழங்கால் பட்டை, மருந்து, பஸ் செலவு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் அந்த ஐந்நூறு ரூபாய் தேவைப்படும் நிலை இருந்தால் பிடிவாதம் வேண்டாம். வென்ற பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டை நிச்சயம். ஃப்ளெக்ஸ் வைப்பவர்களிடம் பன்னிரண்டு முகமும் ஒரே அளவில் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு முகம் ஆளுயரத்துக்கும் மற்றவை ஸ்டாம்ப் அளவிலும் வரும். ரீல்ஸ் போடுகிற பையனிடம் பிடி விழுவதற்குப் பத்து நொடி முன்னாலிருந்து வெட்டச் சொல்லுங்கள், செயின் நகர்வது தெரியும்.

இத்தனைக்கும் மசியாதவன்

ஒருவன் இருப்பான். அணியில் மிகவும் திறமைசாலியும் அவனாகவே இருப்பான். எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டினால் ஆள் பணிவதில்லை. வன்மத்தை உள்ளே வைத்துக்கொள்வான், அல்லது வேறு குழுவுக்குப் போய்விடுவான். தனியாக நோட்டோடு உட்காருங்கள். கடைசி ஐந்து ஆட்டத்தில் அவன் எடுத்த பாயின்ட்டையும், பக்கத்தில் 'மீட்டது' கட்டத்தையும் அவனையே கூட்டச் சொல்லுங்கள். பிறகு அடுத்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு வேலை: வெளியே ஆள் இருக்கும்போது போகிற முதல் ரைடில் டச்சுக்கு முயல வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. அவுட்டாகி வந்தால் முதலில் கை தட்ட வேண்டியது நீங்கள். இரண்டு மூன்று ஆட்டம் பார்த்தும் மாறவில்லையென்றால் ஒரு பாதி வெளியே உட்கார வையுங்கள், கையில் நோட்டோடு. அன்று 'இரண்டாம் கை' கட்டம் அவன் பொறுப்பு. அந்தப் பாதியில் அணி லோனா வாங்கித் (ஏழு பேரும் அவுட்டாகித்) தோற்கலாம், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். மாவட்ட அரையிறுதி நாளில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஜூன், ஜூலையில், தோற்றாலும் ஒன்றும் போகாத நட்பு ஆட்டத்தில் செய்யுங்கள்.